எட்டுக்கால்

புருவம் திருத்தும் நாற்காலியில்
மல்லாந்து கிடக்கிறது லேப்டாப்.
மர்சலின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள்.
வைத்திக்குப்பத்தில் மணி ஒன்பதரை.
காற்றில் உப்பு, வேக்சிங் மெழுகு,
யாரோ வறுக்கும் நெத்திலி.

சேதராப்பட்டில் மூடிப்போன கம்பெனி ஏலத்தில்
நாலாயிரத்து இருநூறுக்கு எடுத்தாள்.
உடம்பு நல்ல உடம்பு. குணம்தான்.
வைஃபை அட்டை செத்து, வேறொன்றைச் செருகினால்
அனுமதியில்லாத அட்டை என்று
கறுப்புத் திரையில் எழுதிவிட்டு
அதற்குமேல் ஓரடி எடுத்துவைக்காது.
"கல்யாண மண்டபமா இது,
வாசல்ல பத்திரிகை கேக்குது?" என்றாள்.

ஏழு திருகு. கீபோர்டு. கையணை.
அடியில் கறுப்புத் தாளை உரித்தால்
அருகருகே இரண்டு சில்லு,
ஒவ்வொன்றும் புளியங்கொட்டையில் பாதி,
ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கால்.
பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பவை.
மற்றதெல்லாம் இவை எழுப்பி எழுவது.

முதல் கால் எது என்பதற்கு ஒரு புள்ளி உண்டு.
என் கண்ணுக்கு இல்லை.
மர்சலின் வட்ட விளக்கைத் தாழ்த்தினாள்,
மேலுதட்டு ரோமம் தேடுகிற அதே கண்ணோடு.
"தோ, இங்க."

கிளிப்பைக் கவ்வ வைத்தேன்.
சிவப்பு ஒயர் புள்ளிப் பக்கம்.
மூன்று புள்ளி மூன்று வோல்ட்டுக்கு மேல் தாங்காது.
இந்த மலிவு புரோகிராமர் ஐந்தை அனுப்பும் என்பதால்
போன ஞாயிறே அதன் ஒரு காலைத் தூக்கி
வேறிடத்தில் பற்றவைத்திருந்தேன்.

எழுதும் முன் படிக்க வேண்டும்.
இரண்டு முறை படித்து
இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும்.
ஒன்றில்லை.
மறுபடி. ஒன்றில்லை.
ஒரே சில்லு, ஒவ்வொரு முறையும் வேறு வாக்குமூலம்.
மர்சலின் பிளக்கர் நுனியால்
மூன்றாம் காலைச் சுரண்டினாள்.
பச்சைப் பொடி உதிர்ந்தது.
கடலுக்கு நானூறு அடியில் கடை வைத்தால்
எதற்குத்தான் பச்சை பிடிக்காது.

ஐந்தாம் முறையும் ஆறாம் முறையும்
கடைசி எழுத்துவரை ஒன்று.

பழையதைக் கொஞ்சம் புரட்டினேன்.
பொருளற்ற எழுத்துகளின் நடுவே சட்டென்று
சொத்து எண் 0417, ஜி. குணவதி, ஸ்டோர்ஸ்.
ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டுத்தான் ஏலம் விட்டார்கள்.
இங்கே துடைக்க யாருக்கும் தோன்றவில்லை.
"அவங்களுக்கு வேற வேலை கெடச்சிருக்குமா?"
அந்தக் கேள்விக்கு என்னிடம் கட்டளை இல்லை.
பென்டிரைவில் ஒரு நகல் வைத்துக்கொண்டேன்.

பிறகு அழிப்பு.
இதை அழித்தால் பூஜ்யம் வராது,
ஒவ்வொரு பிட்டும் ஒன்று என்று நிற்கும்.
எல்லாம் ஒன்றான பிறகுதான்
வேண்டிய இடத்தில் பூஜ்யம் எழுத முடியும்.
தத்துவமாக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு
என்டர் தட்டினேன்.

கரண்ட் போனது.

மின்விசிறி ஓய்ந்தது. வட்ட விளக்கு அணைந்தது.
எழுதிக்கொண்டிருக்கும் என் லேப்டாப் மட்டும்
பேட்டரியில், பதினொரு சதவீதத்தில்.
மர்சலின் ஒரு கையில் போன் டார்ச்,
மறு கையால் கிளிப் அசையாமல்.
நெற்றி வியர்வை மூக்குவரை வந்தும் துடைக்கவில்லை.
தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள்.

சரிபார்த்தாயிற்று என்றது.
அடுத்த சில்லு. அதுவும்.

"இப்ப முழுசா நம்மளுதா?"
இல்லை என்றேன்.
ஒரு மூலையில் தொண்ணூறு கிலோபைட்
இன்னும் சில்லு செய்தவனுடையது.
அதையும் எடுத்தால் அரை மணி நேரத்தில்
தானாக அணைந்துவிடும்.
"போவட்டும். இந்த ஊருக்கே
விடுதலை நாள் ரெண்டு.
நடுவுல எட்டு வருஷம்."

பட்டனை அழுத்தினேன். கறுப்பு.
நாற்பது எண்ணினேன். கறுப்பு.
பழைய நகலைத் திருப்பி ஏற்றலாமா என்று
கை பென்டிரைவுக்குப் போகும்போது
திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டியது.
புது அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மர்சலின்தான் கேட்டாள்:
"குணவதி போன் நம்பர் எதாச்சும்
அதுல இருந்துச்சா?"

பேர் மட்டும்தான்.

பூட்டும்போது எண்ணினால் ஆறு திருகு.
ஏழாவது, வெள்ளிக்கிழமை,
யாருடைய முழங்கையிலிருந்தோ
மெழுகோடு உரிந்து வந்ததாம்.